கடைசி வரி யாருடையது?

ஜனவரி 18, வியாழன்

ரேஷன் அட்டையை நகல் எடுக்க மைதீன் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் வேறு யாருடைய வேலையோ ஓடிக்கொண்டிருந்தது. எந்திரம் தாள் தாளாகத் துப்பிக்கொண்டிருந்தது. சும்மா நிற்பானேன் என்று மேலே கிடந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தாளில் இன்னும் சூடு இருந்தது. 'காட்சி ஒன்று. அரண்மனை. அரசன் தொப்பலாக நனைந்தபடி வருகிறான்.'

நான் எழுதியது. 'மழைக்குச் சிறை'. மகளின் கல்யாண ஊர்வலத்தில் தன் அனுமதி இல்லாமல் பெய்துவிட்டது என்பதற்காக மழையைக் கைது செய்து பானையில் அடைத்துச் சிறையில் வைக்கும் ஓர் அரசனைப் பற்றிய சிறுவர் நாடகம். தொண்ணூற்றேழில் என் சொந்தச் செலவில் அச்சடித்தேன்.

"இது யாருக்கு மைதீன்?"

"ரயில்வே கேட்டுக்கிட்ட இருக்குற ஸ்கூலு டீச்சருக்கு அண்ணாச்சி. ஆண்டு விழா நாடகமாம். வாட்ஸ்அப்புல அனுப்பிச்சாக. பிள்ளைகளுக்குக் குடுக்க இருபது காப்பி."

"எழுதினவன் பேரு எங்க?"

"பேரா? அது தெரியலயே. வந்ததே அப்படித்தான் வந்துச்சு."

"முன்பக்கத்தக் காணோமே."

"முன்னாடி நாலு பக்கத்த எவன் படிக்கான் அண்ணாச்சி? அட்டை, உள் அட்டை, முன்னுரைன்னு தாளுதான் தண்டம். என்கிட்டப் புஸ்தகமாக் குடுத்தாலும் அஞ்சாம் பக்கத்துல இருந்துதான் எடுப்பேன். டீச்சர்மாரு எல்லாரும் அப்படித்தான் கேப்பாக."

என் பெயர் அட்டையில் இருக்கிறது, உள் அட்டையில் இருக்கிறது, முன்னுரையின் கீழே இருக்கிறது. மூன்று இடத்தில் போட்டு வைத்தேன். மூன்றும் அந்த நாலு பக்கத்துக்குள்தான்.

இது நான் எழுதியது என்று மைதீனிடம் சொன்னேன். "அப்படியா! நல்லாருக்கே அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டுத் தாளை எந்திரத்துக்குள் திணித்தான். ரேஷன் அட்டையை நகல் எடுக்காமலே வந்துவிட்டேன்.

ஜனவரி 19, வெள்ளி

தண்ணீர் வந்தது. பிடித்து வைத்தேன். மனசு ஒன்றிலும் நிற்கவில்லை.

ஜனவரி 20, சனி

பழைய சங்கதி ஒன்றை எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது மாற்றிச் சொல்வார்கள். புத்தகம் வந்த வருடம் துணிப்பையில் போட்டுக்கொண்டு கோவில்பட்டியைச் சுற்றிப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினேன். எல்லா ஆசிரியர்களும் ஆளுக்கொரு பிரதியை இனாமாக வாங்கிக்கொண்டார்கள். படித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். ஒருவரும் சொல்லவில்லை. மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிறவன், எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன், இவன் என்ன நாடகம் எழுதியிருக்கப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள். நினைத்தால் நினைக்கட்டும். அந்த இனாம் பிரதிகளில் ஒன்றுதான் இப்போது முன்பக்கம் இல்லாமல் ஊர் சுற்றுகிறது.

இந்த இருபத்தேழு வருடத்தில் ஒரு பள்ளியும் இதை மேடையேற்றியதில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை. இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், நாளைக்கு யாரும் அப்படிச் சொல்லிவிடக் கூடாது.

ஜனவரி 22, திங்கள்

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டேன். சொர்ணம், "யாரு வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டாள். வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து இவள் இப்படித்தான்.

தலைமையாசிரியர் பெயர் கோமதிநாயகம். இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர். அந்த இரண்டு வருடமும் ஒன்றும் நடந்துவிடக் கூடாதே என்கிற பயம் முகத்திலேயே எழுதியிருந்தது. நான் புத்தகத்தை மேசைமேல் வைத்து, "இதை எழுதின தவசிமுத்து நான்தான்" என்றேன். அவர் புத்தகத்தைத் தொடாமலே பார்த்தார். உடனே அந்த டீச்சரைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

ஜெசிந்தா டீச்சருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். உள்ளே வந்து அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஐயா, நீங்களா? நீங்க இந்த ஊரா? அய்யோ, நான் எழுதினவங்க உயிரோட இல்லன்னுல்ல நெனச்சேன்!"

நான் திட்டுவதற்குத் தயாராகப் போயிருந்தேன். அவள் சந்தோஷப்பட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

"கேட்காமல் நகல் எடுத்திருக்கீங்க."

"தப்புதான் ஐயா. ஆசிரியர்கள் குரூப்புல வந்துச்சு. பேரு இல்லாமத்தான் வந்துச்சு. யாரு எழுதினதுன்னு குரூப்புல கேட்டேன். ஒருத்தர் பூங்கொத்துப் படம் அனுப்பினாங்க, ஒருத்தர் கும்பிடு போட்டாங்க. பேரு மட்டும் யாருக்கும் தெரியல."

சரி என்று அவள் பையிலிருந்த நகல் ஒன்றை வாங்கிப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் என் கடைசி வரி பேனாவால் அடிக்கப்பட்டிருந்தது. மேலே வேறு வரி.

என் நாடகத்தில் மழையை அடைத்து வைத்த பிறகு நாடு மூன்று வருடம் காய்ந்து கிடக்கும். கடைசியில் அரசன் தானே சிறைக்கு வந்து பானையின் மூடியைத் திறந்து, நிமிர்ந்து நின்று சொல்வான்: "உன்னை விடுவித்தேன். போ." அத்துடன் திரை.

இவள் எழுதி வைத்திருக்கிறாள்: "தப்பு என்னோடது. வா."

"அரசன் மன்னிப்புக் கேட்பானா? யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"பிள்ளைகளுக்கு அந்த இடம் ஒட்டல ஐயா. மூணு வருஷமா மழை இல்ல. எல்லாரும் வானத்தப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. அப்போ போய் மழைகிட்ட 'போ'ன்னு சொன்னா..."

"விடுதலை செய்யறவன் 'போ'ன்னுதான் சொல்வான். ஜெயில்லருந்து விடுறப்ப 'வா'ன்னா சொல்வாங்க?"

கோமதிநாயகம் சிரித்துவிட்டார். டீச்சர் சிரிக்கவில்லை. "நான் உங்களோட சண்டைக்கு வரல ஐயா" என்றாள்.

நான் சண்டைக்குத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஜனவரி 24, புதன்

நூலகத்தில் பதிப்புரிமைச் சட்டம் இருந்தது. ஆங்கிலத்தில்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாளாகப் படித்தேன். எனக்கு இது புதிதல்ல. மோட்டார் வரைபடங்களையும் இப்படித்தான் படித்துக் கற்றுக்கொண்டேன். எழுதினவன் தன் பெயரைக் கேட்கலாம் என்று போட்டிருக்கிறது. எழுதினதைச் சிதைத்து அவன் மதிப்பைக் கெடுத்தால் தடுக்கலாம் என்றும் போட்டிருக்கிறது. அந்த இடங்களின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டேன். நூலகப் புத்தகத்தில் அல்ல, நூலகத்திலேயே எடுத்த நகலில்.

அதை இன்னொரு நகல் எடுக்கப் போனபோது மைதீனிடம் கறாராகச் சொன்னேன். "ஒரு பக்கம் விடக் கூடாது. முன்னாடியும் விடக் கூடாது, பின்னாடியும் விடக் கூடாது. முழுசா எடு."

"இவ்வளவு பொடி எழுத்துல... நீங்க கோடு போட்டது ரெண்டே பக்கம்தான அண்ணாச்சி?"

"எடுன்னா எடு."

எடுத்தான். அந்தக் கட்டுடன் புகார் ஒன்று எழுதிப் பதிவுத் தபாலில் தலைமையாசிரியருக்கு அனுப்பினேன். என் பெயரைப் போட்டு, என் கடைசி வரியை அப்படியே வைத்தால் நாடகம் போடலாம். கடைசி வரியை மாற்றினால் என் பெயரைப் போடவே கூடாது. இரண்டும் இல்லாமல் போட்டால் மேலிடத்துக்குப் போவேன்.

ஜனவரி 28, ஞாயிறு

காலையில் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடவில்லை என்று கொண்டுவந்து வைத்தார்கள். கார்பன் தேய்ந்திருந்தது. மாற்றிக் கொடுத்தேன்.

சாயங்காலம் திருப்பூரிலிருந்து பூங்கொடி போன் செய்தாள். சொர்ணத்தின் போனுக்குத்தான் செய்வாள், ஞாயிறு தவறாமல். நான் எப்போதும்போல மாடிக்குப் போனேன். துணி எடுக்க வேண்டியிருந்தது. கீழே வந்தபோது சொர்ணம், "உங்க மக கேட்டா, நாடகம் போடுறாகளாமேன்னு" என்றாள்.

"அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன். ஏன், சொல்லக் கூடாதா?"

பூங்கொடி என்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு ஆறு வருடம் ஆகிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே முன்னின்று நடத்தியிருப்பேன். இதை இங்கே எழுதத் தேவையில்லை.

பிப்ரவரி 1, வியாழன்

கோமதிநாயகம் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ஏதோ துக்கம் விசாரிக்க வந்தவர்போல ஓரமாக உட்கார்ந்தார்.

"உங்க புகாரைப் பார்த்தேன் ஐயா. எதுக்கு வம்பு? நாடகத்தையே எடுத்துட்டேன். அந்த இடத்துல ஒரு டான்ஸ் வச்சிருக்கேன். பாட்டைப் போட்டா பிள்ளைக ஆடிட்டுப் போகுது. யாரும் கேக்கப்போறதில்ல."

"நான் நாடகத்த எடுக்கச் சொல்லலியே."

"நீங்க சொல்லல. நான் எடுத்துட்டேன். உங்க மனசு நோகக் கூடாதுல்ல."

அவர் போன பிறகு சொர்ணம் பழத்தை உரித்துக்கொண்டே, "நல்லாருக்கு. ஜெயிச்சிட்டீக" என்றாள். "இருபத்தேழு வருசமா எவனும் போடலன்னு பொலம்புவீக. இப்ப ஒருத்தி போட வந்தா, அவளையும் வெரட்டியாச்சு."

நான் புலம்பியதே கிடையாது.

பிப்ரவரி 2, வெள்ளி

நியாயம் என் பக்கம்தான் இருக்கிறது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. வாழைப்பழம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 6, செவ்வாய்

நிலைமை மாறிவிட்டது. மைதீன்தான் சொன்னான். நாடகம் மறுபடி உண்டாம், ஒத்திகை நடக்கிறதாம். நேரே பள்ளிக்குப் போனேன். ஜெசிந்தா டீச்சர் வராந்தாவில் தகர டப்பாவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். மழையை அடைக்கும் பானை அதுதானாம்.

"என்ன இது?"

"ஐயா, நீங்க அனுப்பின சட்டத்தை முழுசாப் படிச்சேன்" என்றாள். "நீங்க கோடு போட்டதுக்கு முந்தின பக்கத்துல இருக்கு பாருங்க. பாடம் நடத்துறப்ப வாத்தியார் நகல் எடுத்துக்கலாம். அப்புறம், பள்ளிக்கூடத்துல ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்து நாடகம் போடலாம், அனுமதி வேண்டாம். ஆனா ஒரு நிபந்தனை. பார்க்க வர்றவங்க பள்ளிக்கூடத்து ஆளுங்களும் பிள்ளைகளோட அப்பா அம்மா காப்பாளர்களுமா மட்டும்தான் இருக்கணும். வெளி ஆள் இருக்கக் கூடாது."

வாங்கிப் படித்தேன். அப்படித்தான் இருந்தது. நானே அனுப்பிய பக்கம். ஒரு பக்கம் விடாதே என்று மைதீனைக் கடிந்துகொண்டவனும் நானே.

"அதனால ஹெட்மாஸ்டர் சிறப்பு விருந்தினர வேண்டாம்னுட்டாரு. வார்டு கவுன்சிலரையும் வேண்டாம்னுட்டாரு. பந்தல் கெடையாது, ஒலிபெருக்கி கெடையாது. உள் கூடத்துல, கேட்டைப் பூட்டிட்டு, பெத்தவங்க மட்டும்."

"அப்ப கடைசி வரி?"

"மாத்தினா பேரு போடக் கூடாதுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. அதனால பேரு போடல." கொஞ்சம் தயங்கி, "எனக்குப் போடணும்னுதான் ஆசை" என்றாள்.

ஆக, நாடகம் உண்டு. என் பெயர் இல்லை. நான் பெற்றோரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. எழுதினவன் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். சட்டப்படி சரிதான். ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

நூலகத்துக்குப் போனேன். வரும்போது ரயில்வே கேட் வழியாக வந்தேன். பள்ளியின் பின்சுவர் அந்தச் சாலையில்தான். உள்ளே ஒத்திகை. மந்திரியாக நடிக்கும் பையன் 'மழையே, கைகளை உயர்த்து' என்பதை ஒப்பாரிபோலச் சொல்கிறான். அது சிரிக்க வேண்டிய இடம். அரசனாக நடிப்பது ஒரு சிறுமி. குரல் நன்றாக இருக்கிறது, அதட்டல் இருக்கிறது. நான் நின்று கேட்கவில்லை. செருப்பு வார் கழன்றுவிட்டது, அதைச் சரிசெய்தேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

நூலகம்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஜெசிந்தா டீச்சர் மாதா கோவிலுக்குப் போய்விட்டு அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்தாள். சொர்ணம் என்னைக் கேட்காமல் தோசை ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு பேரும் பத்து வருடம் பழகியவர்கள்போலப் பேசிக்கொண்டார்கள்.

"டீச்சர், இவரு தெனமும் நூலகத்துக்குப் போறாரு. நூலகம் மேக்க இருக்கு. இவரு கெழக்க போறாரு."

"எங்களுக்குத் தெரியும்மா. சுவருக்கு மேல குடை தெரியும். அரசனா நடிக்கிற இசக்கி வந்து சொல்லிடுவா, 'டீச்சர், குடைத் தாத்தா வந்துட்டாரு, நல்லா நடிங்கடே'ன்னு."

நான் வெயிலுக்காகத்தான் குடை பிடிப்பேன்.

டீச்சர் விஷயத்துக்கு வந்தாள். "ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க ஐயா, 'அனுமதி தருகிறேன்'னு. அப்ப சட்டத்துக்குள்ள ஒளிய வேண்டாம். கேட்டைத் திறந்து வைக்கலாம். பேரைப் போடலாம். முதல் வரிசையில நீங்க உட்காருங்க."

"என் வரியை வையுங்க. இப்பவே எழுதித் தர்றேன்."

"நான் சொல்லிப் பார்த்துட்டேன். அந்த இசக்கியம்மா மாட்டேங்குறா. அவளுக்கு அந்த 'போ' வாயில வரமாட்டேங்குது."

"அஞ்சாங்கிளாஸ் பிள்ளை சொல்றதுக்காக நான் எழுதினதை மாத்தணுமா?"

"மாத்தச் சொல்லல. விட்டுக் குடுங்கன்னுதான் கேக்குறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

டீச்சர் கையைக் கழுவிவிட்டு எழுந்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "உங்க அரசன் மாதிரியே இருக்கீங்க ஐயா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொர்ணமும் சிரித்தாள்.

அரசனை நான்தான் எழுதினேன். அவன் என்னைப் போல இருப்பதில் என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது?

பிப்ரவரி 15, வியாழன்

ஒத்திகையில் இன்று கடைசிக் காட்சி. மந்திரி தேறிவிட்டான். சிறைக் காவலனிடம் அரசன், "கைதி எப்படி இருக்கிறாள்?" என்று கேட்கும் இடத்தில் அந்தச் சிறுமி ஒரு மூச்சு நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். நான் அப்படி எழுதவில்லை. அங்கே நிறுத்தலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கடைசி வரியை அவள் மெதுவாகத்தான் சொல்கிறாள். முதல் பாதியைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள் என்று நினைக்கிறேன். குரல் கீழே போகிறது. அப்புறம் 'வா' மட்டும் மேலே வருகிறது. சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து அவ்வளவுதான் தெரிந்தது.

என் வரிதான் சரி. ஆனால் நடிக்கத் தெரிந்த பிள்ளை.

பிப்ரவரி 20, செவ்வாய்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விழா. சொர்ணம் அழுத்தமாக ஒரு செய்தி சொன்னாள். அவள் போகிறாளாம். பக்கத்து வீட்டு இலக்கியாவுக்குத் தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் மில்லில் இரவு வேலை. அதனால் சொர்ணம் காப்பாளராம். தலைமையாசிரியரிடம் போய்ப் பேசி முடித்துவிட்டாள்.

"தலை சீவி விடுறது யாரு? நான். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊறுகா குடுத்து விடுறது யாரு? நான். அப்ப நான் காப்பாளரா இல்லையா?"

"சட்டத்துல காப்பாளர்னா..."

"ஒங்க சட்டத்த நீங்களே வச்சுக்கோங்க. நான் ஒங்க நாடகத்தப் பாக்கப் போறேன்."

பிப்ரவரி 23, வெள்ளி

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நாளைக்கு ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். நடந்தது நடந்தபடி ஓர் இடத்தில் இருக்கட்டும்.

சொர்ணம் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு இலக்கியாவைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். நான் வீட்டில் உட்கார்ந்து பக்கத்துத் தெருக்காரரின் மின்விசிறியைப் பிரித்தேன். ஒரே கம்பியை இரண்டு தடவை சுற்றிப் பிரித்தேன். அரை மணி நேரத்தில் பழையபடி மூடி வைத்துவிட்டு நடக்கப் போனேன். மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறார்.

பள்ளிக் கேட்டில் கோமதிநாயகமே நின்றுகொண்டிருந்தார். பூட்டு உள்பக்கம் தொங்கியது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

"ஐயா, நீங்க வந்தா... நீங்களே அனுப்பினீங்களே, சட்டம்..."

"நான் உள்ள வரக் கேட்டேனா?" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கச் சாலைக்குப் போனேன். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் சுவர் தாழ்வு. கூடத்து ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒலிபெருக்கி இல்லாததால் ஒவ்வொரு வார்த்தைக்கும் காதைத் தீட்ட வேண்டியிருந்தது. நடுவில் தூத்துக்குடி ரயில் போனது. இரண்டாம் காட்சியில் பாதி போய்விட்டது.

'மழையே, கைகளை உயர்த்து' என்ற இடத்தில் சிரித்தார்கள். கூடம் முழுவதும் சிரித்தது. பெரியவர்களும் சிரித்தார்கள். அதை எழுதும்போது சிரிப்பார்கள் என்று நினைத்துத்தான் எழுதினேன். அவர்கள் சிரித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

கடைசிக் காட்சி வந்தது. சிறை. அரசன் வருகிறான். "கைதி எப்படி இருக்கிறாள்?" மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை.

அந்தச் சிறுமிக்கு மறந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்து நாக்கு ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. டீச்சர் மறுபக்கத்தில் இடி முழக்கத் தகரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம், அவள் சொல்லிக் கொடுத்தது அங்கே எட்டவில்லையாம். இது பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது எல்லாம் அந்த அமைதிதான். ஒரு பெண்பிள்ளை பானையைத் திறந்து வைத்துக்கொண்டு பேச்சு வராமல் நிற்கிறாள். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ஒரு பையன் கெக்கலித்தான்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"தப்பு என்னோடது! வா!"

டிரான்ஸ்பார்மரில் இருந்த காக்கைகள் பறந்தன. உள்ளே ஒரு நொடி எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பார்கள். அப்புறம் அந்தச் சிறுமியின் குரல், தெளிவாக, மெதுவாக: "தப்பு என்னோடது." நிறுத்தினாள். "வா."

தகரம் இடித்தது. பிள்ளைகள் எல்லாரும் கைவிரல்களைச் சொடுக்கி மழைச் சத்தம் எழுப்பினார்கள். முதலில் ஒருவன், பிறகு இரண்டு, பிறகு கூடம் முழுவதும். இப்படி ஒரு மழை என் புத்தகத்தில் இல்லை.

நான் வேகமாக நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் வரியைக் கத்தியிருந்தால் அந்தப் பிள்ளை இன்னும் குழம்பியிருக்கும். அவள் மனப்பாடம் செய்தது எதுவோ அதைத்தானே எடுத்துக் கொடுக்க முடியும்? அதனால்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

பிப்ரவரி 24, சனி

சொர்ணம் காலையில் காப்பி வைத்தபடி, "நேத்து வெளியிலருந்து எவரோ ஒருத்தரு கத்தினாரு. நல்ல கணீர்னு குரலு" என்றாள்.

"அப்படியா?"

"ஆமா. பெத்தவங்க எல்லாம் அதுவும் நாடகத்துல சேர்த்தின்னு நெனச்சுக் கைதட்டினாங்க."

மின்விசிறியை முடித்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

பூங்கொடி போன் செய்தாள். சொர்ணம் முழுக்கதையையும் சொன்னாள். சுவர், காக்கை எல்லாம் சேர்த்து. நான் கத்தியதைக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னாள். அந்தப் பக்கம் சிரிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் கூடத்திலேயே உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். மாடியில் கொசு அதிகம்.

பிப்ரவரி 28, புதன்

ஜெசிந்தா டீச்சர் அந்தச் சிறுமியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இசக்கியம்மாள். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். அதட்டலாகப் பேசுகிற குரல் இந்த உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வந்ததும் குடையைத் தேடினாள்.

ரயில்வே கேட் பக்கத்து மில் தொழிலாளர் சங்கத்தில் மே தினத்துக்கு இந்த நாடகத்தைப் போடச் சொல்கிறார்களாம். திறந்த மேடை, ஊரே வரும். அதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. நான் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. டீச்சர் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"எழுதித் தருவீங்களா ஐயா?"

"என்ன வரியோட போடப்போறீங்க?"

டீச்சர் சிறுமியைப் பார்த்தாள். சிறுமி என்னைப் பார்த்தாள். "தாத்தா, 'போ'ன்னா மழை போயிருமே" என்றாள். "நீங்களே அன்னைக்கு 'வா'ன்னுதானே கத்துனீங்க?"

சொர்ணம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை.

தாளை எடுத்து எழுதினேன். மேடையேற்ற அனுமதி. அன்று கூடத்தில் நடந்தபடியே நடக்க வேண்டும், ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாது. அரசன் கேள்விக்கு முன்னால் நிறுத்துவதையும் மாற்றக் கூடாது. மழைக்கு விரல் சொடுக்குவதையும் மாற்றக் கூடாது. விளம்பரத் தாளில் 'நாடகம்: தவசிமுத்து' என்று போட வேண்டும். அதன் கீழே, 'கடைசி வரி: ஜெசிந்தா' என்று போட வேண்டும்.

டீச்சர் படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"அது என்னோடது இல்ல ஐயா. நான் எழுதத்தான் செஞ்சேன். சொன்னது இசக்கி. ஒத்திகையில அவளாவே சொல்லிட்டா. நான் அதை அப்படியே குறிச்சு வச்சேன்."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

டீச்சரின் பெயரை அடித்துவிட்டு 'இசக்கியம்மாள், ஐந்தாம் வகுப்பு' என்று எழுதினேன். சிறுமி எட்டிப் பார்த்துவிட்டு, "எம் பேரெல்லாம் எதுக்கு டீச்சர்? ஒத்த வரிதானே" என்று முனகினாள்.

"ஒத்த வரின்னாலும் அது உன்னோடது. அடுத்தவங்க எழுதினதுக்குக் கீழ என் பேரு வரக் கூடாது. ஊருல எவனும் அந்த வரியைத் தவசிமுத்து எழுதினான்னு சொல்லிறக் கூடாது" என்றேன்.

கையெழுத்துப் போட்டுத் தாளைக் கொடுத்தேன். டீச்சர் மடிக்கப் போனாள். மடிக்காதீர்கள், முதலில் அந்தப் பிள்ளையை ஒரு தடவை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். படித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தினாள்.